முதல் சுற்றில் முந்தக் கூடாது

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட என் கையில் இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியே ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் என்னைக் காட்டி "ரேஸ் பைத்தியம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்படி ஒன்றும் இல்லை. ரேஸ் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இவ்வளவு சத்தம் எதற்கு என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நினைத்திருக்கிறேன். நான் அளப்பவள். நிலத்தை அளந்து படம் போடுவது என் படிப்பு, என் பிழைப்பு.

அக்காவின் கணவர் எங்கே என்று கேட்கிறீர்கள். வந்ததிலிருந்து அதையேதான் கேட்கிறீர்கள். முதல் சுற்றில் இருக்கிறார். நான் விளையாடவில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நடுவில் பேசாமல் கேளுங்கள். நான் சொல்வதைக் கேட்பது என்பது அந்த மைதானத்தில் யாருக்கும் வராத காரியம். ஒருவரைத் தவிர.

எங்கள் முதலாளி ஊரில் பெரிய புள்ளி. ரேஸ் மைதானம் அவருடையது. நாலு கிலோமீட்டர் தார்ப்பாதை, ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட பார்வையாளர் மேடை, அதன் உச்சியில் கண்ணாடி அறை. அந்த அறையில் என் மேசை. மின்விசிறியை ஐந்தில் வைத்தால் தாள் பறக்கும், நாலில் வைத்தால் சுற்றாது. ஏதோ விருந்தில் யாரோ அவரிடம் வெளிநாட்டுப் பாதைகளின் நீளத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, படிச்ச பொண்ணு. உலகத்துலயே பெரிய ரேஸ் சுத்து எது?"

அந்த அலுவலகத்தில் என் பெயர் "படிச்ச பொண்ணு". பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இருந்த ஆண்களும் படித்தவர்கள்தான், அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

நான் வரிசையாகச் சொன்னேன். ஜெர்மனியில் காட்டுக்குள் நூர்பர்க்ரிங்கின் பழைய வடக்குச் சுற்று, இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஓட்டுகிறவர்களே அதைப் பச்சை நரகம் என்கிறார்கள். இத்தாலியில் பெஸ்காராவில், கடலோரத்தில் தொடங்கி மலைக் கிராமங்களுக்குள் ஏறி இறங்கும் ஒரு சுற்று இருந்தது, இருபத்தைந்துக்கு மேல். ஐல் ஆஃப் மேன் தீவில் பைக் ஓட்டுகிறார்களே, அது அறுபது. சிசிலியில் அந்தக் காலத்தில் மலைச் சாலைகளில் நூற்றைம்பதுக்குச் சற்றுக் குறைவாக ஒன்று. அதுவும் போதாமல் சில வருடங்கள் தீவையே ஒரு சுற்று சுற்றினார்கள், ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

அவர் ஜெர்மனியோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

"இருபதா? நாம இருபத்தொண்ணரை போட்டுடு."

"ஐயா, தீவைச் சுத்தி..."

"தீவெல்லாம் கப்பல்காரன் கணக்கு. நீ ரோட்டைப் போடு."

போட்டேன். அவருடைய தோட்டத்துச் சாலைகளையும் செங்கல் சூளைக்குப் பின்னால் போகும் லாரிப் பாதையையும் மைதானத்தோடு சேர்த்து, சரியாக 21.50. ஒரு வளைவில்கூட மனம் உறுத்தாத படம். நான் செய்த வேலைகளில் அதுதான் நல்ல வேலை. அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பரவாயில்லை, யாருமே கேட்கவில்லை.

பிறகு பேனர் வந்தது. மேடையின் நீளத்துக்கு, சிவப்பில், "உலகின் மிக நீளமான ரேஸ் சுற்று: 2150 கிலோமீட்டர்."

நான் பேனர் கடைக்கே போய்க் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ளி வெச்சேம்மா, நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன். பாக்குறவங்களுக்கே தெரியாதா?"

முதலாளியிடம் சொன்னேன். மேடையில் கட்டும்முன் ஒரு தடவை, கட்டும்போது ஒரு தடவை.

"எப்பப் பாரு ஒரு நொட்டை. ஒரு புள்ளியில என்ன குடி முழுகிடப் போகுது?"

பெரிய புள்ளிகளின் கண்ணில் சின்னப் புள்ளிகள் படுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

ஒரு வாரத்தில் வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. ஏதோ சங்கத்தின் தலைவர் மாலை போட்டார். செய்திக்காரர்கள் வந்து, உண்மையிலேயே இரண்டாயிரத்து நூற்றைம்பதா என்று கேட்டபோது, இவர் "பின்ன, கொட்டை எழுத்துல போட்டிருக்கே" என்றார். அன்று மாலை படியேறி என் அறைக்கே வந்தார். அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அச்சடிச்சது அச்சடிச்சதுதான். இப்பப் போயி புள்ளி வெச்சா நாலு பேரு சிரிப்பான். நீ ரோட்டை மாத்து."

"ரோட்டையா?"

"பின்ன எதுக்குப் படிச்ச?"

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா பத்தாவதோடு நின்று, ரேஸ் ஓட்டுகிறவர்களின் உடுப்புகளுக்குக் கிழிசல் தைக்கப் போனாள். நான் பட்டம் வாங்கியதிலிருந்து, கேஸ் அடுப்பு பற்றாவிட்டால் "எதுக்குப் படிச்ச". டிவியில் படம் ஆடினால் "எதுக்குப் படிச்ச". பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏன் கல்யாணம் தட்டிப்போகிறது என்று எனக்குத் தெரியாமல் போனதற்கும் அதே கேள்வி. படித்தவளுக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமை கிடையாது. தப்பாகச் சொல்லும் உரிமை அதைவிடக் கிடையாது.

அந்தக் கேள்வியை என்னிடம் ஒருநாளும் கேட்காதவர் அத்தான் ஒருவர்தான்.

அத்தான் என்னை "இன்ஜினியரம்மா" என்பார். கேலி இல்லாமல் சொல்வார், அதுதான் விசித்திரம். எது வாங்கினாலும் அட்டையில் இருப்பதை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். மாத்திரை ஒன்றா இரண்டா என்று கேட்பார். சில சமயம் எழுத்து அழிந்திருக்கும், எனக்கும் தெரியாது. இரண்டு என்பேன். இரண்டு போட்டுக்கொள்வார். வண்டி ஓடும்போது நிலா ஏன் கூடவே வருகிறது என்று ஒரு தடவை கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் கேன்டீனில் அதையே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார், "எங்க வீட்டு இன்ஜினியரம்மா சொல்லுச்சு" என்று. நான் சொன்னது எதற்கும் ஏன், எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. "சரிம்மா" என்பார். அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே சில நாள் சும்மா எதையாவது சொல்லியிருக்கிறேன்.

அதே மைதானத்தில் அவர் முன்வண்டி ஓட்டினார். முன்வண்டி என்றால், பந்தயத்தின் முதல் சுற்றில் எல்லா ரேஸ் வண்டிகளுக்கும் முன்னால் மெதுவாகப் போய், வரிசையைச் சரி செய்து கூட்டி வரும் சாதாரண வெள்ளைக் கார். அது ஒதுங்கிய பிறகுதான் உண்மையான பந்தயம். முதல் சுற்றில் முன்வண்டியை யாரும் முந்தக் கூடாது. எங்கள் மைதானத்தின் முதல் விதி அது, சுவரில் எழுதியிருக்கும்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்கு அப்போது புரியவில்லை, நான் நீளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொதுச் சாலைகளை ஒன்றோடொன்று கோத்தேன். மலையடிவாரம், துறைமுகம், தலைநகரத்தின் வெளிவட்டச் சாலை, இரண்டு பேருந்து நிலையங்கள், ஒரு பெண்கள் கல்லூரியின் பின்வாசல். சாலைகளை மூட அனுமதி கேட்டீர்களா என்றீர்கள். கேட்டால் தர மாட்டார்கள் என்பதால் கேட்கவில்லை. கடைசியில் எல்லாம் சேர்ந்து எங்கள் மைதானத்துக்குப் பின்பக்கமாக, ஒரு ஓட்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. அங்கிருந்து மேடை வரை நாலு கிலோமீட்டர். அந்த நாலையும் சேர்த்தால் 2150, ஒரு மீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நாலு கிலோமீட்டர் வரைபடத்தில் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக இருக்கும் இடத்தில் கோடு போடுவது சுலபம்.

சதுப்பு என்று ஊருக்கே தெரியும் என்கிறீர்கள். எனக்கும் தெரியும். ஊர் சொல்வதை நம்பி அளக்கக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் எங்கள் மேடையின் கூரை வெயிலில் மின்னியது. நடுவில் ஒரு பழைய மின்கம்பம் நின்றது, அதன் குறுக்குச் சட்டம் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அளவுகோலை ஊன்றினேன். நின்றது. குறிப்பு எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, மரியாதையாக இறங்கியது. அதன் தலை மறையும் வரை இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சுற்றிக்கொண்டு வந்தால் அறுபது கிலோமீட்டர் கூடிவிடும். கூடினாலும் தப்பு தப்புதான். வேறு எங்காவது ஒரு துறைமுகத்தைக் குறைத்துச் சரிக்கட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் படம் அச்சாகிவிட்டது. முதலாளி பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பியிருந்தார். கீழ் மூலையில் என் பெயர், பக்கத்தில் என் பட்டம். எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதிலும் யார் பெயரும் அச்சானதில்லை. அத்தான் ஒரு பிரதியை வாங்கி வந்து, டிவிக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் என் பெயரைத் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு பிழைத்திருத்தம் போட்டால் என் பெயருக்குப் பக்கத்தில்தான் போடுவார்கள். அச்சடித்தது அச்சடித்ததுதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதலாளி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தய நாளன்று மேடை நிறைந்திருந்தது. அத்தானின் வெள்ளைக் கார் புறப்பட்டது, பின்னால் பதினெட்டு ரேஸ் வண்டிகள் உறுமிக்கொண்டு போயின. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு திரும்பி வருவதைப் பார்க்க வலது பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குளிர்பானம் தீர்ந்தது. சங்கத் தலைவர் தூங்கி விழுந்தார். முதலாளி ஃபோனில் என்னைக் கூப்பிட்டார்.

"எப்பம்மா வருவாங்க?"

"முதல் சுத்து முடிஞ்சதும் ஐயா."

"அது எப்ப முடியும்?"

"பேனர்ல போட்டிருக்கு ஐயா."

அன்றுதான் அவர் பேனரைப் படித்தார் என்று நினைக்கிறேன்.

நிறுத்தச் சொல்லியிருப்பார் என்பீர்கள். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செய்திக்காரர்கள் மைக்கை நீட்டிவிட்டார்கள். "பாதியில விட்டா மானம் போயிடும். ஒரு வண்டியாவது சுத்தி வந்துடணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களிடம் போய், இது எங்கள் நெடுநாள் கனவு என்றார்.

அப்படித்தான் பந்தயம் முழுக்க முதல் சுற்றாகவே நடந்தது. பதினெட்டு ரேஸ் வண்டிகளும் அத்தானை முந்த முடியாமல், பால் வண்டிகளுக்கும் பள்ளிக்கூட வேன்களுக்கும் நடுவில் ஊர்ந்தன. அத்தான் சிவப்பு விளக்கில் நிற்பார், எல்லாரும் நிற்பார்கள். ரயில்வே கேட்டில் நிற்பார்கள். அத்தான் ஒதுங்க இறங்கினால், தலைக்கவசம் போட்ட பதினெட்டு பேர் வரிசையாகப் பின்னால் காத்திருப்பார்கள். ஒரு சைக்கிள்காரர் அவர்கள் எல்லோரையும் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்ததாக அத்தான் சொன்னார். சைக்கிள் பந்தயத்தில் இல்லாததால் அது விதிமீறல் ஆகாது என்று நான் விளக்கினேன். "சரிம்மா" என்றார்.

பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவரின் வீடு வழியிலேயே இருந்தது, மனைவி வாசலில் நின்றாள், வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். பெண்கள் கல்லூரியின் பின்வாசலில் இருவர் எஞ்சின் சூடாகிவிட்டது என்றார்கள், அந்தச் சூடு ஆறவே இல்லை. துறைமுகத்தில் ஒருவர் வண்டியைக் கப்பலேற்றி விற்றுவிட்டார். முதலாளியின் மகன்தான் கடைசி வரை இருந்தார். அவரும் ஒரு காலையில், "எனக்குக் குளிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அத்தான் அழைத்தார். அவரிடம் மட்டும்தான் நான் வழி சொல்லிக்கொண்டிருந்தேன், எல்லா முனையிலும் அம்புக்குறிப் பலகை வைக்க முடியவில்லை.

"இன்ஜினியரம்மா, கண்ணாடியில பாத்தேன். பின்னாடி யாருமே இல்லம்மா. நான் யாருக்கு முன்னாடி போறேன்?"

"நீங்க போங்க அத்தான். ஒரு வண்டியாவது சுத்தி வந்தாத்தான் நீளம் கணக்குல சேரும்."

"சரிம்மா."

அக்கா தினமும் தைக்கிற துணியோடு என் அறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். அவருக்குக் காய்ச்சல் என்றாள். குரலைக் கேட்டாலே தெரிகிறது என்றாள். "நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், திரும்பிடுவாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. உனக்கென்ன அவ்வளவு வீம்பு?"

வீம்பு இல்லை, வேலை என்றேன். மாத்திரை இரண்டு போடச் சொன்னேன்.

கடைசி நாளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தான் ஓட்டு வீட்டைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்திருந்தேன். அக்கா கண்ணாடியோரம் நின்று, பந்தயத்துக்கான தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளையா தெரியுது, தெரியுது" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"மேடை தெரியுதும்மா" என்றார் அத்தான். "ஆனா ரோடு இல்லையே. இந்தப் பக்கம் சேறு இருக்குமே?"

"காய்ஞ்சிடுச்சு அத்தான். நான் அளந்துட்டேன்."

அளந்தேன் என்றது உண்மை.

"நேராவா?"

"நேராத்தான். கம்பத்துக்கு இடது பக்கமா வாங்க."

"சரிம்மா."

எஞ்சின் சத்தம் மாறியது. வண்டி கனமாக இருக்கிறது என்றார். கியரைக் குறைக்கச் சொன்னேன். ஓட்டத் தெரியாவிட்டாலும் அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். குறைத்தார். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றார். அக்கா தொலைநோக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஃபோனைப் பிடுங்கினாள்.

"எறங்குங்க. கதவைத் திறந்து எறங்குங்க. மெதுவா வந்த வழியே போங்க. ஓட்டு வீட்டுக்குப் போங்க. கேக்குதா?"

"இரு, இரு" என்றார் அத்தான். அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "ஃபோனை அவகிட்ட குடு. அவ என்ன சொல்றா?"

அக்கா என்னைப் பார்த்தாள். இதற்கு முன் அப்படி அவள் என்னைப் பார்த்தது, நான் மேலே படிக்கட்டும், தான் பத்தாவதோடு நின்றுகொள்வதாக வீட்டில் சொன்ன அன்றுதான். ஃபோனை என் கையில் வைத்தாள். இரண்டு கையாலும் என் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

நான், "இன்னும் கொஞ்சம்தான், வாங்க அத்தான்" என்றேன்.

"சரிம்மா" என்றார்.

பிறகு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. அக்கா சொல்வது வேறு, அவள் நிதானத்தில் இல்லை. நீங்கள் ஆட்களையும் கயிறையும் அனுப்பித் தேடியிருக்கிறீர்கள், ஒரு கம்பத்தின் தலை மட்டும் கிடைத்தது என்கிறீர்கள். இந்தத் தாளில் "இறந்தவர்" என்று இருக்கிறது. அதை "முதல் சுற்றை முடிக்காதவர்" என்று திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன். வழி சொன்னது நான்தான். சேறு என்று தெரிந்தே சொன்னேன். அதை நான் மறைக்கவில்லை, நீங்கள் கேட்பதற்கு முன்பே அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

திரும்பச் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தைதானே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஏன் என்று கேட்டிருப்பார். நான் சொன்ன எதற்கும் அந்த மனிதர் அதுவரை ஏன் என்று கேட்டதில்லை. நல்ல பழக்கம். அதை எதற்குக் கெடுக்க வேண்டும்?